நெட்டித் தண்டும் நாச்சிமுத்துவின் பொய்ப்பூச்சியும்

எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நாச்சிமுத்து காலமான செய்தியை அவர் மனைவி சரசுவதியே தொலைபேசியில் சொன்னார். "அக்கா, அவரு போயிட்டாருங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேனுங்க." எனக்கு ஏன் முதலில் என்று நான் கேட்கவில்லை. அவர் வீடு இருக்கும் துடியலூருக்குப் பேருந்து ஏறினேன்.

இந்த நினைவு மலருக்கு என்னை எழுதக் கேட்டவர்களுக்கு எங்கள் பகை தெரியும். பாராட்டுகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அவருக்குத் தூண்டில் பைத்தியம். விடுமுறை வந்தால் நீலகிரிக்குப் போய் டிரவுட் மீன் பிடிப்பார். நீர்மேல் அமரும் பூச்சியைத் தின்ன எழும்பி வரும் மீன் அது. அதை ஏமாற்ற, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவார். கொக்கியின் கனம் அதை மூழ்கடித்துவிடும். மூழ்காத பொருளைத் தேடுவதே அவர் செய்த ஒரே ஆராய்ச்சி. ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு வாளி இருந்தது. தெர்மோகோல் காற்றில் கவிழ்ந்தது. சீசாத் தக்கை செதுக்கும்போதே உதிர்ந்தது. ஹவாய்ச் செருப்புத் துண்டு மிதந்தது. "எருமையாட்ட மெதக்குதுங்க, எந்த மீன் நம்பும்?" என்று அதையும் எறிந்தார். அந்தச் செருப்பின் சொந்தக்காரரான வாட்ச்மேன் அன்று வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்து என் முறை. உக்கடம் குளத்தில் முழங்கால் சேற்றில் இறங்கி நான் எடுத்த, தக்கையைவிட லேசான தண்டுள்ள நெட்டிச் செடி, உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்டு, தாவரவியல் துறை அலமாரியில் இருந்தது. அதன் தண்டமைப்பைப் பற்றியதுதான் என் முனைவர் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம். ஒருநாள் தாளை எடுத்தால் இலை இருக்கிறது, பூ இருக்கிறது, தண்டு இல்லை. நேரே நாச்சிமுத்துவின் வாளிக்குப் போய் நின்றேன்.

"சும்மா காஞ்சு கெடந்துச்சுங்க மேடம். தண்ணியில போட்டதும் உசுரு வந்துருச்சுங்க!"

"மிச்சம் எங்கே?"

"அத்தனையும் மீன் இழுத்துட்டுப் போயிருச்சுங்க."

மறுபடி குளத்துக்குப் போனேன். அந்தக் கரையில் மண் கொட்டியிருந்தார்கள், செடி இல்லை. ஆய்வுக்குழு நான் ஆராய்ந்த அதே தண்டின் ஒரு துண்டையாவது காட்டச் சொன்னது. இல்லையென்றால் அத்தியாயத்தை நீக்கச் சொன்னது. நான் ஆய்வேட்டையே திரும்பப் பெற்றேன். பட்டம் இல்லாமல் ஓய்வு பெற்றேன். என் பிடிவாதம் என்பார்கள். இருக்கலாம். தண்டை வெட்டிய கத்தரிக்கோல் என்னுடையதல்ல.

சாவு வீட்டில் சரசுவதி என் கையில் ஒரு தகரப் பெட்டியை வைத்தார். உள்ளே ஒரே ஒரு பொய்ப்பூச்சி. நடுவே வெள்ளை நெட்டி.

"இதை மட்டும் தூண்டில்ல போடவே இல்லீங்கக்கா. உங்க பொருளுன்னு வெச்சிருந்தாரு. மீன் இழுத்துருச்சுன்னு பொய் சொல்லிப்போட்டு, அப்புறம் கொண்டாந்து குடுக்க வெக்கமுங்க."

ஆய்வுக்குழு கேட்ட துண்டு துடியலூரில்தான் இருந்திருக்கிறது. அவருடைய வெட்கத்துக்கு என் பட்டம் விலை. இறந்தவரிடம் சண்டை போட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். கவிழாமல், நிமிர்ந்து மிதந்தது. மனிதர் சரியாகத்தான் கட்டியிருந்தார்; அதை மறுக்கமாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.

செடியை ஒட்டிய அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பொய்ப்பூச்சி உலர்ந்ததும் அதைத் தண்டு இருந்த இடத்தில் ஒட்டினேன். கீழே 'சேகரித்தவர்' என்று என் பெயர் முன்பே இருந்தது. அதற்கடியில் 'வெட்டியவர்' என்று அவர் பெயரை எழுதினேன், அழியாத மையில்.