எண்ணெய் ஊசியும் சம்பந்தியும்

என் அக்கா பாவாயியின் வீட்டுக்காரர் சின்னண்ணன் மாமாவுக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல். மோகனூரில் அவர் வீட்டு வாசலில் யார் தலை தெரிந்தாலும் எழுந்து நின்றுதான் "வாங்க" என்பார். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அறுபத்தைந்தாம் வருஷம் கரும்பு வண்டியிலிருந்து விழுந்தார். முதலில் முதுகு வலித்தது. பிறகு கால்கள் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். சூரமங்கலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நரம்பை எது அழுத்துகிறது என்று பார்க்க முதுகுத்தண்டுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நடக்கப்போவதை அவர் ஒளிக்காமல் சொன்னார். குப்புறப் படுக்கவைத்து இடுப்புக்கு மேலே ஊசி குத்துவார்கள். எண்ணெய் மாதிரி மருந்து உள்ளே போகும். விழாமல் இருக்க உடம்பைக் கட்டி, மேசையைத் தலைப்பக்கமும் கால்பக்கமும் சாய்ப்பார்கள். மருந்து ஓடி எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. முடிந்ததும் மருந்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு மறுநாள் வரை தலையைத் தூக்கவே கூடாது.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கினார். படமும் நன்றாக வந்தது. தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்து, நர்ஸ் செல்வமேரி இரண்டு முறை எச்சரித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஜேடர்பாளையத்திலிருந்து சம்பந்தி கருப்பண்ணன் வந்தார். மாமா மகளை அவர் வீட்டில் கொடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வாசலில் அவரைக் கண்டதும், நான் தோளைப் பிடிப்பதற்குள் மாமா எழுந்து உட்கார்ந்து, காலையும் தொங்கப்போட்டுவிட்டார்.

"வாங்க சம்பந்தி" என்று கும்பிட்டார். "படுத்திருங்க" என்று கருப்பண்ணனும் பேச்சுக்குச் சொன்னார். அவர் போகும்வரை மாமா படுக்கவில்லை.

இரவுக்குள் தலைவலி பிடித்தது. தலையைத் தூக்கினால் வாந்தி. எழுந்ததால் வந்த வலி, படுத்தே கிடந்தால் சில நாளில் போய்விடும் என்றார் டாக்டர். நடு முதுகில் ஒரு கட்டி நரம்பை அழுத்துவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது, இப்போதே ஆபரேஷன் செய்தால் கால்களைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்.

மாமா காதில் எதுவும் ஏறவில்லை. "ஒரு ஊசிக்கே மண்ட இப்புடிப் பொளக்குது. கத்தி வெச்சா உசுரோட உடுவாங்களா? ஊட்டுக்குப் போலாம் மாப்பள" என்றார். அக்கா அழுதாள். நான் கத்தினேன். ஊரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் அவர் பக்கமே பேசினார்கள். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்த சில நாளில் தலைவலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. டாக்டர் சொன்னது சரிதான் என்று அப்போதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கரும்பு வெட்டுக்குள் இரண்டு கால்களும் போய்விட்டன. ஊசி போட்டுத்தான் சின்னண்ணனுக்குக் கால் விளங்காமல் போனது என்று மோகனூர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

பேரன் பிறந்த சேதி சொல்லக் கருப்பண்ணன் வந்தார். மாமா இரண்டு கைகளையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

"வாங்க சம்பந்தி. படுத்துக்கிட்டே கூப்புடறனேன்னு தப்பா நெனைக்காதீங்க."

கருப்பண்ணன், அக்கா போட்ட நாற்காலியில் உட்காராமல், கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று அழுதார்.