யார் சொல்லி வந்தீர்கள்?

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில், மும்பை தாராவியில் தோல்பை தைக்கும் என் பட்டறையில் நடந்த நிகழ்ச்சி இது.

அதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் பகுதிப் பள்ளி விழாவில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு மேடை கிடைத்தால் விடுவானா? பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலையின்றித் தெருமுனையில் நிற்பதை எடுத்துச் சொல்லி, பள்ளியிலேயே தொழில் கற்பிக்க வேண்டுமென முழங்கினேன். பலத்த கைதட்டல். சில மாதங்களில் அப்பள்ளியில், வேலை தேடும் இளைஞர்களும் சேரும்படி, மாலை நேரத் தோல் தையல் வகுப்பும் தொடங்கப்பட்டது.

அவ்வகுப்பில் தேறிய இளைஞர் ஒருவர் அன்று என் வாசலில் வந்து நின்றார். பக்கத்திலுள்ள ஆண்டாப் ஹில்லில் தாயோடும் தங்கையோடும் வசிப்பதாகவும், பி.காம் முடித்து இரண்டு ஆண்டுகளாக வேலை இல்லையென்றும் கூறினார். தாம் தைத்த பையொன்றை நீட்டினார். புரட்டிப் பார்த்தேன், மடிப்பின் ஓரத்தில்கூடத் தையல் விலகவில்லை. அப்போது என்னிடம் இரண்டு இயந்திரங்கள் ஆளின்றிக் கிடந்தன.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரரோ உறவினரோ சொல்லி அனுப்பாத எவரையும் இயந்திரத்தில் உட்காரவைக்க மாட்டோம். தோல் காணாமற்போனால் பிடித்துக் கேட்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? நாவில் ஊறிய அந்தக் கேள்வி தானாக வந்தது.

"யாரு சொல்லி வந்தீங்க தம்பி?"

"நீங்கதான் அண்ணாச்சி. ஸ்கூல்ல பேசுனீங்கல்லா, அதைக் கேட்டுதான் கிளாஸ்ல சேர்ந்தேன்."

தோல் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் கட்டிங் மாஸ்டர் சிரித்தார். "மைக்ல பேசுனதெல்லாம் சிபாரிசு ஆயிருமாடே? தெரிஞ்ச ஆளு யாரையாவது கூட்டிட்டு வா, போ."

"அப்பா இல்ல அண்ணாச்சி. எனக்காக யாரு வருவா? பத்து நாள் சும்மா தைச்சுக் காட்டுதேன். சலேகா, சரிவருமா?"

நானும் மாஸ்டரோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். சொல்லி அனுப்புவதாகக் கூறினேன். தொலைபேசி எண்ணைக்கூட வாங்கவில்லை. அதே வாரம் என் மைத்துனர் அனுப்பிய ஒருவரை அமர்த்தினேன். அவருக்கு நேராகத் தைக்கவே வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, மனம் உறுத்த, அந்த இளைஞரின் முகவரி கேட்டுப் பள்ளிக்குச் சென்றேன். தையல் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. "பிள்ளைங்க எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரே கேள்விதான் கேட்டாங்களாம். அடுத்த பேட்ச்ல ஒருத்தரும் சேரல" என்றபடி முகவரியை எழுதித் தந்தார் ஆசிரியை.

ஆண்டாப் ஹில்லில் அவரைக் கண்டபோது, வீட்டு வாசலில் பார்சல்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்கு அழைத்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. இந்த டெலிவரி வேலைக்குப் போன் இருந்தா போதும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு வேண்டாம்னாலும் போன்லயே சொல்லிருவாங்க, அவ்வளவுதான்."

அவர் குரலில் சிறிதும் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கல்வி மாற வேண்டுமென்று நான் சொன்னதில் இன்றும் எனக்கு ஐயமில்லை; அப்படித் தொடங்கிய ஒரு வகுப்பைப் பூட்டிய கைகளில் என்னுடையதும் ஒன்று என்பதை மட்டும் இதுவரை எவரிடமும் சொல்லத் துணிந்ததில்லை.