டாக்டர் ஐயா கை கழுவியது யாருக்காக

என் மாமா தெரிந்தே பொய் சொன்னார். தெரியாமல் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஆறு கட்டில், தகரக் கூரை, பின்னால் ஓர் அடுப்பு. எனக்கு ஒன்பது வயது. அம்மா தம்பியைப் பெற்று அங்கே படுத்திருந்தார். முந்தின பிரசவத்தில் காய்ச்சல் கண்டு அம்மா பிழைத்ததே பெரிய காரியம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. பிள்ளை பெற்ற வாரத்திலேயே காய்ச்சலில் போன பெண்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். அதனால் அப்பா தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரி ஜன்னலில் வந்து நின்று, "ஒடம்பு சுடுதா?" என்று மட்டும் கேட்பார். "இல்ல" என்று அம்மா சொன்ன பிறகுதான் மலையேறுவார்.

டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். புதிதாக வந்தவர். ஒல்லி, முன்கோபி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் போகும் முன்னால் தண்ணீரும் சோப்பும் வர வேண்டும். ஆயா ஊற்ற, முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். ஆளைத் தொட்டுப் பார்ப்பார். திரும்பவும் கழுவுவார். அடுத்த கட்டிலில் மறுபடி அதே கதை. "இந்த மனுசனுக்குத் தண்ணி ஊத்தியே என் கையி ஊறிப்போச்சு" என்று ஆயா புலம்புவார். கத்தரிக்கோல், கிண்ணம் எல்லாம் அந்த அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும். சோற்றுப் பானை என்று நினைத்து ஒரு நாள் நான் மூடியைத் திறந்து ஏமாந்தேன்.

மூன்றாம் நாள், சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுத் தம்பியின் வாயில் வைக்கப் போனேன். எங்களில் அது வழக்கம். டாக்டர் ஐயா என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதை பிள்ளை! முதல்லை போய்க் கையைக் கழுவு. உந்தத் தண்ணியும் குடுக்கக் கூடாது. சொன்னா விளங்காதோ?"

அழுதுகொண்டே கழுவினேன். போதாது என்று மறுபடி கழுவ வைத்தார். என் கை அவருக்கு ஆகாத கை என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைத்தது குற்றமில்லை. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அவர் வீட்டில் எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணி. நாங்கள் உட்கார்ந்து எழுந்த படியில் அவர் வீட்டம்மா தண்ணீர் தெளிப்பார். தொட்டால் கழுவுகிறவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வேறு காரணத்துக்காகவும் ஒருவர் கை கழுவுவார் என்று லயத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாமா அம்மாவின் தம்பி. துரை பங்களாவில் சமையல். என் தம்பி பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். துரைசானிக்கு முதுகில் கட்டி. டாக்டர் ஐயா பார்க்க வந்திருக்கிறார். அவருக்குத் தண்ணீர் ஊற்றியது மாமா.

"வெள்ளக்காரி அப்பத்தான் குளிச்சிட்டு வந்து ரோசாப்பூ மாதிரி ஒக்காந்திருக்கா. இவரு என்னடான்னா தொடுறதுக்கு முன்னாடியும் கழுவுறாரு, பின்னாடியும் கழுவுறாரு. அவ தொரையப் பாத்து முழிக்கிறா அக்கா!"

"அவளையும் தீட்டுன்னு நெனச்சிட்டாரோ என்னமோ" என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதே மாமா, தம்பியைப் பார்க்க வந்தபோது வாய் நிறைய வெற்றிலையோடு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர் ஐயா பார்த்துவிட்டார்.

"எழும்பு! உது பிள்ளை பெத்தவளின்ரை கட்டில். வெளியிலை போ!"

பங்களாவின் வெள்ளைச் சட்டை போட்ட மாமாவை அதுவரை யாரும் விரட்டியதில்லை. பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார். "நம்மளத் தொட்டா அந்தாளுக்குத் தீட்டாம். மாட்டுச் சாணியத் தொட்ட மாதிரி கழுவுறாரு. இன்னும் எத்தன நாளைக்குங்க பொறுத்துக்கிட்டிருக்கிறது?" என்றார். "ஆமாங்க, ஆமாங்க" என்று சத்தம். பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"பயப்படாம சொல்லு புள்ள. ஒங்கம்மாவத் தொட்டுட்டு அவரு கை கழுவுனாரா?"

"கழுவுனாரு மாமா."

"ஒன்னையும் கழுவச் சொன்னாரா?"

"ரெண்டு தடவ."

அவ்வளவுதான். தொடுவதற்கு முன்னாலும் கழுவினாரா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ கற்கண்டு தந்தார்கள். வாங்கித் தின்றேன்.

அவரை மாற்றச் சொல்லித் துரைக்கு எழுதிய மனுவில் லயம் லயமாகக் கைநாட்டு வைத்தார்கள். அம்மா அப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா மனுவையும் மையையும் கொண்டுவந்து நீட்டினார்.

"தொரைசானி கதைய அங்க சொன்னியாடா?" என்று அம்மா கேட்டார்.

"அது வேற அக்கா."

"என்னடா வேற? அவரு திட்டுனாரு, வாஸ்தவந்தான். போன தடவ என்னயத் துணியில போட்டுத் தூக்கிட்டு வந்தீங்க. இந்தத் தடவ நான் நடந்து வந்தேன். மைய அங்கிட்டு கொண்டு போ."

மாமா ஒரு வருடம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

டாக்டர் ஐயா மாற்றலாகி, தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் போனார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். "நல்லா இருங்கய்யா" என்று அம்மா சொன்னார். அவர் குனிந்து தம்பியைப் பார்த்தார்.

"பிள்ளையைத் தூக்க முதல் கை கழுவினனியோ?"

"கழுவுனேங்கய்யா."

"ம்."

லொறி போய்விட்டது. அம்மா அழுதார். திட்டுகிற ஆள் போனதற்கு எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்து வந்தவர் இனிக்க இனிக்கப் பேசுவார். எல்லோர் தோளிலும் கை போடுவார். சீழ் பிடித்த காலைக் கட்டிவிட்டு, அதே கையோடு பிரசவக் கட்டிலுக்கு வருவார். "நம்மாளு, தொட்டா கழுவ மாட்டாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்த மழைக்காலத்தில், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் தாய், பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். மாரியாத்தா கோபம் என்றார்கள். மாமாதான் முன்னால் நின்று பாடை கட்டினார்.

பல வருடம் கழித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தபோது, ஒரு சிங்கள நர்ஸ் என்னைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவினாள். பார்த்தபடி படுத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீட்டுப் பார்க்கிறவன் தொட்ட பிறகுதான் கழுவுவான். தொடும் முன்னால் எதற்குக் கழுவப் போகிறான்? டாக்டர் ஐயா முன்னால் கழுவியது என் அம்மாவுக்காக. பின்னால் கழுவியது அடுத்த கட்டில்காரிக்காக. அவர் மனதில் சாதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். கையில் இல்லை.

அம்மா பேரன் பேத்தி எடுத்து, பல்லெல்லாம் விழுந்த பிறகுதான் போனார். தம்பி இன்றும் இருக்கிறான். அந்த மனிதர் கொடுத்துவிட்டுப் போன ஆயுசு அது. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. என் நன்றி அவர் காதில் விழப்போவதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். நீங்கள் என்னைத் திட்டியது நல்லது ஐயா. உங்களை விரட்டியதில் என் வாயும் இருந்தது. கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பாதி உண்மையை வைத்து ஒரு மனிதரை விரட்டலாம் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

மாமா, உங்களுக்கு அப்போது விளங்கியது. இப்போது நீங்கள் கோயில் கமிட்டித் தலைவர். திருவிழாவில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். செத்துப்போனவளின் மகள் வருடா வருடம் வந்து முன்வரிசையில் உட்காருகிறாள். எல்லாம் தெரிந்த நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம். அவளைப் பார்த்து மைக்கில் சொல்லுங்கள்.