உடைத்துச் சொன்ன பேச்சு

காப்பிப் பழத்தின் தோல் குழியில் கிடந்து புளிக்கும் வாடையைச் சுவாசித்துக்கொண்டேதான் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் நான் வளர்ந்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில் அந்த வாடையோடு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் குரலும் சேர்ந்தே வரும். முதலாளி சொல்லியனுப்பியதை அவர் மூச்சு விடாமல் நீட்டிச் சொல்வார். நீளமான பேச்சு என்றால் அதற்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது வேலையாட்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் "லயன்" வீட்டுப் பெண்களின் தீர்மானம். யாரும் தலையாட்ட மாட்டார்கள். என் அம்மா முன்னால் போய், "ஏனுங்க ரைட்டரே, நீட்டாதீங்க, ஒடச்சுச் சொல்லுங்க" என்பாள். அவர் துண்டு துண்டாகச் சொன்ன பிறகே கூடையைத் தூக்குவார்கள். "ஒடச்சுக் கேக்கறது" என்று இதற்குப் பெயரே இருந்தது. எனக்கு அம்மாவை நினைத்தால் பெருமையாக இருக்கும்.

எஸ்டேட் கைமாறிய வருடம், எங்கள் வீடு நிலைக்குமா என்று அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. ரைட்டர் களத்துக்கு வந்து, "மொதலாளி மாறுனாலும், வேலைக்கு வர்றவங்க, மராமத்துக்குன்னு காலி பண்ணிக் குடுத்த ஊடு நீங்கலா, மத்த ஊடுகள்ல இப்ப இருக்கறாப்லயே இருந்துக்கலாம்னு முடிவாயிருக்குதுங்க" என்றார். அம்மா வழக்கம்போல உடைக்கச் சொன்னாள். அவர் அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இருங்க" என்றார். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

மழை முடிந்ததும், கூரை மாற்ற வேண்டும், காலி செய்து கொடுங்கள் என்று ஆள் வந்தது. எதையும் சந்தேகப்படும் அம்மா அதைச் சந்தேகப்படவில்லை. செம்மநத்தத்து மாமா வீட்டில் தங்கிவிட்டு நாங்கள் திரும்பியபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. "அன்னைக்கே சொன்னனுங்களே" என்று ரைட்டர் அந்த நீளப் பேச்சை ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னார். மராமத்துக்குக் காலி செய்த வீடு திரும்பக் கிடையாது என்று நடுவில் இருந்தது அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. உடைக்கும்போது அந்தத் துண்டை அவர் வேண்டுமென்றே கீழே போட்டாரா, அம்மா அவசரப்படுத்தியதால் விட்டாரா? எனக்கு இன்றும் அவர்மேல் நல்லெண்ணம் வரவில்லை, கோபமும் ஆறவில்லை.

அந்த லயன் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. களமும் இல்லை, தோல் வாடையும் இல்லை. ஏற்காட்டு டவுனில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். போன வாரம் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஊட்ட விக்கப் போறேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்கம்மா. நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க. நீட்டியே சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள்.