காபித் தட்டோடு ஒரு கிரேக்கம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான். தா.பழூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, தாய்மாமன். தரகர் வாசலிலேயே போனில் பேசிக்கொண்டிருந்ததால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தை பி.ஏ. ஆங்கிலம், கடைசி வருடம். மறுநாள் காலை பெரம்பலூரில் பரீட்சை. ஆங்கிலச் சொற்களின் முன்னால் ஒட்டிக்கொண்டு அவற்றை 'இல்லை' ஆக்கிவிடும் துண்டுகள், 'லைக்'கை 'டிஸ்லைக்' ஆக்கும் 'டிஸ்' மாதிரியானவை, எந்த மொழியிலிருந்து வந்தவை என்பது முக்கியமான கேள்வியாம். உட்கார்ந்து படிக்க அத்தைக்கு வீட்டில் நேரம் கிடைக்காது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவள் பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் நான் பின்னாலேயே போய் ஒரு துண்டைச் சொல்வேன். எந்த வேலையில் இருந்தாலும் அவள் உடனே மொழியைச் சொல்ல வேண்டும். "டிஸ்?" என்றால் "லத்தீன்." எல்லாம் சரியாக வந்தது. 'அ' மட்டும் மூன்று முறை தப்பியது. ஆறாவது படித்த எனக்கு, அத்தை தோற்றால் அது என் குற்றம்தான் என்ற பயத்தில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒன்பதாவதோடு நின்றுபோன எனக்கு இன்றும் மறக்காத பாடம் இது ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் வந்தார்கள். வந்ததுமே தாய்மாமன், நாளைக்கு நாள் நன்றாக இருக்கிறது, காலையிலேயே தாம்பூலம் மாற்றிவிடலாம் என்றார். அப்பா சமையலறைக்குள் வந்து கிசுகிசுத்தார்.

"பரீட்சைன்னு வாயத் தொறக்காத. படிச்ச திமிருன்னுடுவாங்க. அடுத்த வருசம் எழுதிக்கலாம்."

அத்தை டம்ளர்களை அடுக்கினாள். முகம் வாடிவிட்டது. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது: பாவம், 'அ' மறுபடியும் மறந்துபோயிருக்கிறது.

கூடத்தில் அத்தை குனிந்து தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் தொட்ட நேரம், கதவுக்குப் பின்னாலிருந்து என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அ?"

"கிரேக்கம்" என்றாள் அத்தை, தட்டு அசையாமல்.

அப்பா சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா கேக்குது அந்தப் புள்ள?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நாளைக்குக் காலையில பரீட்சைங்க. அந்தப் பாடங்க."

"பரீட்சையா? தரகர் சொல்லவேயில்லயே" என்று தாய்மாமன் வாசலை எட்டிப் பார்த்தார். அந்த அம்மா அவரைக் கையமர்த்தினார். "எனக்கும் புரியறாப்புல சொல்லு பாப்போம்."

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். "எல்லாம் இல்லைன்னு சொல்றதுதாங்க. 'அன்' இங்கிலீஷோட பொறந்த வூட்டுப் பொண்ணு. 'இன்' லத்தீன்லேருந்து வாக்கப்பட்டு வந்தது. பக்கத்துல நிக்கிற எழுத்துக்குத் தக்கன மாறிக்கும். 'பி' நின்னா 'இம்'மு, 'எல்' நின்னா 'இல்'லு, 'ஆர்' நின்னா 'இர்'ரு."

"மொத சொன்னியே, அது?"

"அது மாறாதுங்க. யாரு நின்னாலும் 'அன்'தான்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் காபி சேலையில் சிந்தியது. "இந்த மனுசன் பக்கத்துல நானும் முப்பது வருசமா நிக்கிறேன். எத்தனை எழுத்து மாறுனேனோ."

அவர் கணவர், "காபியில சக்கரை கம்மி" என்றார். கூடமே சிரித்தது, கடைசியாக அப்பாவும்.

"அண்ணே, காலையில புள்ள பரீட்சைக்குப் போவட்டும். தாம்பூலத்த சாயங்காலம் மாத்திக்கலாம்" என்றார் அந்த அம்மா, தாய்மாமனிடம். மாப்பிள்ளை முதல் முறையாக நிமிர்ந்து, தானே பெரம்பலூருக்கு பைக்கில் கொண்டுவிடுவதாகச் சொன்னார். அதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அத்தை பஸ்ஸில் போய் எழுதிவிட்டு வந்தாள். 'அ'வைக் கேட்கவே இல்லையாம்.

பெண் பார்த்துவிட்டு அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மா வேனில் ஏறப் போனவர், திரும்பி வந்து என் காதருகே குனிந்தார்.

"ஏ குட்டி, அந்த மாறாதது என்னா?"

"அன்" என்றேன்.

உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டே போய் ஏறினார். அவருக்கு எந்தப் பரீட்சையும் இல்லையே, இதை ஏன் மனப்பாடம் செய்கிறார் என்று வேன் திருப்பத்தில் மறையும்வரை கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.