பேட்டரி இல்லாத பதில்கள்

பயிற்சி ஆசிரியை பில்லக்கா பல வருஷம் ஒரு துணிக்கடையில் பில் போட்டவள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. ‘சாயம் போகுமா?’ என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் ‘போகவே போகாதுங்க’ என்று சொல்லிச் சொல்லி, தன் வாயே தனக்கு நாறுகிற மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. முப்பத்தைந்து வயதில், லாரி ஓட்டும் கணவனிடம் ஒற்றைக்காலில் நின்று ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். சின்னப் பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தாள். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

எல்லாப் பாடத்திலும் தேறியவளுக்கு வகுப்பறைத் தொழில்நுட்பத்தில்தான் சறுக்கியது. முதல் தேர்வன்று பதற்றத்தில் தடிமனான மார்க்கர் பேனாவை எடுத்து, ஸ்மார்ட் போர்டின் கண்ணாடி மேலேயே ‘வணக்கம்’ என்று பெரிசாக எழுதிவிட்டாள். அழியாத மை. தேர்வு எடுக்க வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். இனி ஒரே ஒரு வாய்ப்பு. அதையும் கோட்டை விட்டால் பயிற்சியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள், மறுபடியும் துணிக்கடைதான்.

அதனால் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள். விரலால் எழுத, படத்தைப் பெரிதாக்க, கேள்வியை ஓடவிட எல்லாம் பழகினாள். வீட்டுச் சுவரில் வெறும் விரலால் அவள் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, “என்ன மேடம், சுவரு சொன்ன பேச்சு கேக்குதா?” என்று கணவன் கிண்டல் பண்ணுவான். “கேக்குது. உங்களை மாதிரி இல்ல” என்பாள் அவளும்.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், அவள் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் வகுப்புக்குப் பொறுப்பான டீச்சர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே பிள்ளைகளுக்கான பதில் மிஷின்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். போர்டில் கேள்வி வந்ததும் பிள்ளைகள் இதில் பொத்தானை அழுத்த வேண்டும். சரியான பதில்கள் பச்சையாகவும் தப்பானவை சிவப்பாகவும் போர்டில் எழும்பும். அந்தப் படம் தானாகவே கல்வித்துறையின் தலைமை அலுவலகத்துக்கும் போய்விடும்.

“எல்லாத்துலயும் பேட்டரியைக் கழட்டிடும்மா” என்றாள் டீச்சர்.

“புதுசு போடணுமா டீச்சர்?”

“புதுசும் வேணாம், பழசும் வேணாம். பிள்ளைங்க சும்மா அழுத்தட்டும். நான் கடைசி பெஞ்சுல லேப்டாப்போட உக்காந்து எல்லார் பதிலையும் சரியாப் போட்டுடுவேன். இதுங்களை நம்பி விட்டா போர்டே சிவந்து போகும். சிவப்பு ஜாஸ்தியானா ஹெட்மாஸ்டருக்கு நோட்டீஸ் வரும்.”

“அப்ப இத்தனை நாளா..?”

“இத்தனை நாளாவும் இந்தப் பெட்டியைத் திறக்காம நானேதான் போட்டேன். ஏன், புதுசா பொறந்த மாதிரி முழிக்கிறே? நீ பாஸாகணுமா வேணாமா?”

பாஸாக வேண்டும். அதனால் உட்கார்ந்து கழற்றினாள். பாதிப் பேட்டரிகள் ஒழுகிப்போய், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தன. பிசுபிசுப்பு நகக்கண்ணுக்குள் ஏறியது. துருவும் புளிப்புமாக ஒரு நாற்றம். சீ, கர்மம்! சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் அன்று அந்தக் கையால் சாப்பிட மனசு வரவில்லை. பாதித் தட்டிலேயே எழுந்துவிட்டாள். “பயமா?” என்று கணவன் கேட்டான். “பயமில்லை, குமட்டுது” என்றாள். அவன் மாத்திரை வேண்டுமா என்று கேட்டான்.

மறுநாள் வகுப்பு வெண்ணெய் மாதிரி போனது. அதே அதிகாரி, முன்வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போர்டில் அவள் விரல் போன இடமெல்லாம் எழுத்து வந்தது. கடைசியாகக் கேள்வியை ஓடவிட்டாள்: நாலில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா? பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு யோசித்தார்கள். பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினார்கள். செத்த மிஷினை அவ்வளவு அக்கறையாக மறைத்துக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

போர்டு முழுக்கப் பச்சை.

“அட்டகாசம்!” என்றார் அதிகாரி. மதிப்பெண் தாளை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போது இரண்டாவது வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை துள்ளி எழுந்தது. கணக்கென்றாலே அழுகிற பிள்ளை அது. “டீச்சர், எனக்கும் சரி! எட்டுல ஒண்ணுதான் பெருசுன்னு அழுத்தினேன். கரெக்டாயிடுச்சு!”

அதிகாரி நிமிர்ந்தார். கடைசி பெஞ்சிலிருந்து டீச்சர் விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். “மாத்திச் சொல்லுது சார். ஏய், நாலுல ஒண்ணுன்னுதானே அழுத்தினே?”

“இல்ல டீச்சர், எட்டுதான்...”

“பொய் சொன்னா வாயிலயே போடுவேன்!”

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. எது பொய் என்று அதற்குப் புரியவில்லை. பில்லக்காவுக்குப் பொறுக்கவில்லை. தூ! துணிக்கடையில்கூட ‘சாயம் போயிடுச்சு’ என்று திரும்பி வந்தவர்களை யாரும் பொய்க்காரர் என்று சொன்னதில்லையே! விறுவிறுவென்று போய், அந்தப் பிள்ளையின் மிஷினை வாங்கி, பின்மூடியைத் திறந்து அதிகாரியிடம் நீட்டினாள். உள்ளே காலி.

அதிகாரி ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “பின்மூடியெல்லாம் பத்திரமா இருக்கணும்மா. பிள்ளைங்க கையில திறந்துக்கிட்டா அசிங்கமாயிடும்” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு மறுபடி பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார். டீச்சர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள்.

அட நாசமாப் போறவங்களா! எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஒரு கையெழுத்து விழுந்தால் போதும், அவளும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுவாள்.

“பிள்ளைங்களா, எல்லாரும் உங்க மிஷினைத் திருப்புங்க” என்றாள் சத்தமாக. “பின்னாடி மூடி இருக்கும். திறந்து பாருங்க.”

டக், டக்கென்று மூடிகள் கழன்றன. “டீச்சர், காலி!” “எனக்கும் காலி!” “டேய், இதுலயும் ஒண்ணுமில்லடா!” வகுப்பு சந்தைக்கடை ஆனது.

“நேத்து நான்தான் கழட்டினேன்” என்றாள் பில்லக்கா. “நீங்க அழுத்துனது எதுவும் போர்டுக்குப் போகலை.”

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். தாள் வெறுமையாக நாற்காலியில் கிடந்தது. “உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேடி, பாவி!” என்று பல்லைக் கடித்தாள் டீச்சர்.

ரெட்டைப் பின்னல் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. “அப்ப எனக்குத் தப்பா டீச்சர்?”

“தப்புதான் கண்ணு” என்றாள் பில்லக்கா. அந்த மதிப்பெண் தாளையே எடுத்து நாலாக மடித்துக் காட்டினாள். “இது நாலு பங்கு. இன்னொரு மடிப்பு நீ மடி, எட்டாயிடும். எது பெருசுன்னு பாத்துட்டு நீயே சொல்லு.”