சீழ் இல்லை என்று எழுதிய மாதங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயிலில் மதுரையே கண் சொருகிக் கிடந்த ஒரு மதியம். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் சீழ் பிடிப்பதை எப்படிக் குறைக்கலாம் என்று பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. வீடு திரும்பியவர்களை முப்பதாம் நாள் போனில் கூப்பிட்டு, படிவத்தில் உள்ளபடி கேட்டு எழுதுவது என் வேலை. சீழ் வருகிறதா என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். நானும் சந்தோஷமாக 'இல்லை' என்றே எழுதி வந்தேன்.

அந்த மதியம் எல்லா நாட்டுக்காரர்களும் கணினித் திரையில் கூடினோம். ஒருவர் ஜன்னலில் மழை பெய்தது. இன்னொருவருக்கு அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. எங்களிடம்தான் சீழ் மிகக் குறைவு என்று எங்களைப் பாராட்டினார்கள். நான் மிதந்தேன். அப்போது ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு நர்ஸ் பேசினார். பின்னால் எங்கோ சேவல் கூவியது. அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர்கள் ஊரிலும் முதலில் எல்லோரும் இல்லை என்றுதான் சொன்னார்களாம். உடுத்திய துணி புண்ணில் ஒட்டுகிறதா என்று கேட்ட பிறகுதான் உண்மை தெரிந்ததாம். எனக்குச் சுருக்கென்றது. நம்மைச் சந்தேகப்படுகிறாரோ என்று மனசுக்குள் முறைத்துக்கொண்டேன்.

மறுநாள் உசிலம்பட்டிப் பக்கம், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த ஓர் அக்காவைக் கூப்பிட்டேன். போனில் காற்றும் மாட்டு மணியும் கேட்டன. சீழ் இல்லை என்றார். போனை வைக்கப் போனவள், என்னவோ தோன்றி, சேலை ஒட்டுகிறதா என்று கேட்டேன்.

"ஒட்டத்தான் செய்யுது. தண்ணியத் தொட்டு நனைச்சுத்தான் எடுக்குறேன்."

"ஏங்க்கா இதைச் சொல்லல?"

"நீங்க சீழான்னுதான கேட்டீக? இது தண்ணியால்ல வருது. அம்புட்டுப் பேரு நல்லா பாத்தீக. குறை சொன்ன மாதிரி ஆயிரும்னு விட்டுட்டேன்."

டாக்டரிடம் ஓடினேன். அக்காவை அன்றே வரவழைத்தோம். வெளியே தண்ணீராகக் கசிந்தாலும் உள்ளே சீழ் ஆழமாகப் பிடித்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். சில நாள் தங்கி, ஆறிய பிறகு ஊருக்குப் போனார்.

பழைய பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக மறுபடி கூப்பிட்டேன். இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில், நான் எழுதியதெல்லாம் சரியில்லை என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யாரும் கடிந்துகொள்ளவில்லை. அந்த நர்ஸ் மட்டும் நெஞ்சில் கை வைத்து, தானும் இதே தப்பைச் செய்துவிட்டு அழுததாகச் சொன்னார்.

அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் ஊர்ப் பெயர்கூட என் வாயில் சரியாக நுழையாது. ஆனாலும் ஒருவர் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம், சொல்பவருக்குப் புரிகிற மாதிரிதான் கேட்டேனா என்று இன்றும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டே பேனாவைத் தொடுகிறேன்.